எழுதப்படாத இருபது நிமிடங்கள்

செர்டாங் பக்கம் எந்த இயந்திரம் நின்றாலும் 'ஜாம் ஆயிருச்சு' என்றுதான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள், தண்ணீர் பம்பு, வங்கியின் ஏடிஎம், பிள்ளைகளின் கைப்பேசி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். கணினி பழுது பார்த்துச் சம்பாதிக்கும் எனக்கு இந்தச் சொல் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. 'ஜாம் ஆயிருச்சுன்னா எப்படி? ஸ்க்ரீன் நீலமா ஆச்சா, கறுப்பா ஆச்சா, இல்ல அப்படியே நின்னுச்சா?' என்று குறுக்கு விசாரணை செய்வேன். 'ஜாம் ஆயிருச்சுன்னா ஜாம் ஆயிருச்சுலா தம்பி' என்று பதில் வரும்.

என் தொழிலில் இது இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்று கிரேஷ், மற்றது ஹேங். கிரேஷ் ஆன கணினி தான் விழுந்ததைத் தானே அறிவிக்கும். ஹேங் ஆன கணினி எதையும் அறிவிக்காது. விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், திரையில் படம் இருக்கும். உள்ளே ஒன்றும் நகராது. முதலாவது விழுந்து கிடக்கும் ஆள். இரண்டாவது கண்ணைத் திறந்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். வைத்தியனுக்கு எது கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் கெர்னல் என்னும் இடத்தில் இருக்கும். இயங்குதளத்தின் ஆக அடியில் இருக்கும் பகுதி அது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க நான் தோட்டத்துக் கணக்கில் சொல்வேன். காலையில் பெரட்டுக்களத்தில் யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்த வேலை, எந்த லோரி யாரை ஏற்றும் என்று பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? கெர்னல் செய்வது அந்த வேலைதான். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம், வட்டை இப்போது யார் தொடலாம், யார் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று ஒரு நொடிக்குள் ஆயிரம் முறை பங்கிடுகிறது. சாதாரண நிரல் ஒன்று கெட்டால் கெர்னல் அதை மூடிவிட்டு மற்றதைப் பார்க்கும். கெர்னலே கெட்டால் அதைப் பார்க்க உள்ளே யாரும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். அப்படி வெளியிலிருந்து பார்க்கும் கருவிகளுக்குத்தான் கெர்னல் டீபக்கர் என்று பெயர்.

கிரேஷுக்கு இந்தத் தலைமுறை மறக்காத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் எங்கள் பக்கத்து அரசு அலுவலகங்கள் பூட்டியிருந்தன. மலேசிய நேரம் நண்பகல் 12:09க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறிய கோப்பை உலகம் முழுதும் அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்துவிட்டன. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். இந்தியாவில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று பலர் மைக்ரோசாப்ட்டைத்தான் திட்டினார்கள். நீலத் திரை அவர்களுடையது என்பதால் குற்றமும் அவர்களுடையது என்று நினைப்பது இயல்பு. ஆனால் விழுந்த கணினிகள் விட்டுச் சென்ற நினைவகப் பிரதிகளை விண்டிபக் என்ற டீபக்கரில் திறந்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. எல்லாம் கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரே டிரைவரைக் காட்டின. 20 உள்ளீடுகள் மட்டும் கொடுக்கப்பட்டிருந்த இடத்தில் அந்த டிரைவர் 21ஆவதைப் படிக்கப் போயிருக்கிறது. அங்கே இருந்தது அதற்குச் சொந்தமில்லாத நினைவகம். சாதாரண நிரல் இப்படிச் செய்தால் அது மட்டும் சாகும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் செய்தால் முழுக் கணினியும் சாகும். உலகத்தையே நிறுத்திய குழப்பம்தான். ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. கிரேஷ் பேசும் நோய். தான் எங்கே விழுந்தேன் என்று முகவரியோடு சொல்லிவிட்டுத்தான் சாகும்.

ஹேங் அப்படியல்ல. அங்கே முதலில் செய்ய வேண்டியது உயிர் எதுவரை இருக்கிறது என்று பார்ப்பது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்தால் கெர்னல் இன்னும் விசைகளைக் கேட்கிறது. பக்கத்துக் கணினியிலிருந்து பிங் அனுப்பினால் பதில் வருகிறதா? வந்தால் வலையட்டை வேலை செய்கிறது, கெர்னலின் ஒரு பகுதி விழித்திருக்கிறது. பிங்குக்குப் பதில் வந்தும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் எல்லோரும் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதற்காக, யாரிடம் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் முன் யாராவது பவர் பட்டனை அழுத்திவிட்டால் கதை முடிந்தது. நினைவகத்தில் இருந்ததெல்லாம் மின்சாரத்தோடு போய்விடும்.

இந்த வேலைக்கு நான் வந்த வழியில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது செர்டாங் பட்டணத்துக்கு மாறினோம். கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறக்கப்பட்டது. பினாங்கு பாயான் லெப்பாஸுக்கு எழுபதுகளில் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளின் அடுத்த அலை கூலிமுக்கு வந்தது. வெளிக்காட்டுக்கு லோரி ஏறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை பேக்டரி பஸ் ஏறியது. அதிகாலை ஐந்தே முக்காலுக்கும் மாலை ஐந்தே முக்காலுக்கும் எங்கள் வீட்டுச் சந்தியில் நிற்கும் பஸ்ஸில் ஊர் அக்காக்கள் பாதிப்பேர் ஏறுவார்கள். நான் அங்கே நிரந்தர ஊழியன் இல்லை. தொழிற்சாலைகளுக்குக் கணினிப் பராமரிப்புச் செய்யும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். பேர் பொறித்த சட்டை கிடையாது. வாசலில் 'விசிட்டர்' அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் ஜாதி.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேட்டையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். பெயர் வேண்டாம். சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் ஒரு லினக்ஸ் சர்வர் இரண்டு மாதத்தில் மூன்று முறை இரவு ஷிப்டில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாதிச் சோதனையில் இருந்த சரக்கை முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருந்தது. என்னை அழைத்தது காரணத்தைக் கண்டுபிடிக்க அல்ல. இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று ஒரு கையெழுத்து வேண்டும். ஏனென்றால் காரணத்தை அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். மூன்றில் இரண்டு முறை அங்கே வேலையில் இருந்தவர் ஒரே ஆபரேட்டர். அவருக்கு ஷோ காஸ் கடிதம் போயிருந்தது. பதில் திருப்தியில்லை என்றால் உள்விசாரணை. அதன்பின் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் எங்கள் பக்கத்து அக்காதான். பதினாறு வருடச் சர்வீஸ். கணவருக்கு முதுகு போனபின் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

குற்றச்சாட்டைக் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். சர்வரின் லாக்கில் கடைசி வரி அதிகாலை 2:47. அடுத்த வரி 3:08க்குக் கணினி புதிதாகத் தொடங்கியது. இடையில் ஒன்றும் இல்லை. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. பழுதான கணினி ஏதாவது எழுதியிருக்கும். ஒன்றும் எழுதவில்லை என்றால் யாரோ 2:47க்கு அதை அணைத்திருக்கிறார்கள். அதோடு 2:55க்கு அக்காவின் அட்டை வெளிக்கதவில் பதிவாகியிருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் இருபது நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வந்து திறந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்காவை கேண்டீனில் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"நா ஒன்னுமே தொடல தம்பி. ரிசல்ட் பாக்க கிளிக் பண்ணேன், ஓடல. மேல நேரம் காட்டும்ல, அது ரெண்டு நாப்பத்தேழுலயே நிக்குது. கையில கட்டுன கடிகாரத்துல மூனு நிமிசம் போயிருச்சு. ஆனா மவுசு அம்பு மட்டும் ஓடுது. இங்க இழுத்தா இங்க வருது, அங்க இழுத்தா அங்க போவுது. கிளிக் பண்ணா ஒன்னும் ஆவல. சூப்பர்வைசர் அடுத்த மாடில இருந்தாரு. போன் எடுக்கல. தேடிப் போனேன். அவருதான் பட்டன அமுக்கித் தொறன்னாரு."

"இத கடிதத்துல எழுதுனீங்களாக்கா?"

"மலாய்ல எழுதிக் குடுத்தேன். லாக்குல அப்படி ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. கிராணியின் செக்ரோலில் பெயர் இருந்தால் அன்று வேலை செய்தாய். இல்லாவிட்டால் செய்யவில்லை. அப்பா ஒருமுறை நிரையை முடித்துப் பாலைக் கொண்டுவந்து கொட்டிய நாளுக்குச் சம்பளம் வராமல், பக்கத்து நிரைக்காரர் மூன்று பேரைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். மூன்று பேர் வாயும் ஒரு புத்தகத்துக்கு ஈடாகவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அன்று களத்தில் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

லாக் என்பதும் ஒருவர் எழுதுவதுதான். கெர்னல் தன் செய்திகளை முதலில் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியில் எழுதிக்கொள்ளும். அதை எடுத்து வட்டில் கோப்பாக எழுதுவது வேறொரு நிரலின் வேலை. வட்டுக்குப் போகும் வழி அடைபட்டால் கெர்னல் எழுதிக்கொண்டே இருக்கும், அது கோப்புக்குப் போய்ச் சேராது. அப்படியானால் வெறுமையாக இருக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒன்று. நடந்ததை எழுத முடியவில்லை என்பது மற்றொன்று. மவுஸ் அம்பு ஓடியது, கடிகாரம் நின்றது என்ற அக்காவின் சொல் இரண்டாவதற்குத்தான் பொருந்தியது. பொய் சொல்ல நினைப்பவருக்கு 'எல்லாம் நின்றுவிட்டது' என்று சொல்வதுதான் சுலபம். அம்பு மட்டும் ஓடியது என்று யாரும் கற்பனை செய்யமாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் போதாது. அடுத்த முறை நிற்கும்போது அந்த நினைவகம் எனக்கு வேண்டும்.

அதற்கான கருவியின் கதை நம் பக்கத்தோடு சம்பந்தப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு கெர்னல் டீபக்கர் என்றாலே ஆகாது. 2000ஆம் ஆண்டில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. டீபக்கர் கையில் இருந்தால் ஆட்கள் யோசிக்காமல் அறிகுறிக்கு மருந்து போடுவார்கள், மூலக்கூறை வாசித்துப் புரிந்துகொள்ளும் கவனமான ஆட்கள்தான் தனக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அது கெர்னலை எழுதுபவரின் நியாயம். இரவு மூன்று மணிக்கு நின்றுபோன சர்வரின் முன்னால் நிற்பவருக்கு வாசித்துப் புரிந்துகொள்ள அவகாசம் இல்லை. கேஜிடிபி என்ற டீபக்கர் 2008இல் 2.6.26 பதிப்பில்தான் லினக்ஸுக்குள் முறையாக நுழைந்தது. இரண்டு ஆண்டு கழித்து கேடிபி வந்தது.

அதற்கும் முன்பே வேறொரு வழி திறந்துவிட்டது. விழுந்த கெர்னலின் நினைவகத்தைச் சேமிக்க அதற்கு முன் இருந்த கருவிகள் விழுந்த அந்தக் கெர்னலின் டிரைவர்களையே நம்பியிருந்தன. செத்தவனையே அவனுடைய மரணச் சான்றிதழை எழுதச் சொல்வது மாதிரி. பல நேரம் எழுதி முடிக்காது. சில நேரம் வட்டையே கெடுத்துவிடும் ஆபத்தும் இருந்தது. எரிக் பைடர்மேன் என்பவர் கெக்ஸெக் என்ற ஒன்றைச் செய்தார். ஒரு கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கணினியை முழுதாக அணைத்துத் திறக்காமல், இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வழி. அதன் மேல் கேடம்ப் என்ற அமைப்பைக் கட்டியவர்கள் ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்தவர்கள். விவேக் கோயலும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவும் பைடர்மேனோடு சேர்ந்து 2005இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வைத்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த 2.6.13 பதிப்பில் இரண்டும் லினக்ஸுக்குள் சேர்ந்தன.

யோசனை எளிமையானது. கணினி திறக்கும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தூங்கவைத்துவிடுவது. முதல் கெர்னல் அந்தப் பகுதியைத் தொடக்கூடாது. முதலாவது விழுந்தால் இரண்டாவது எழுந்து, செத்தவனின் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகப் பார்த்து, பத்திரமான இடத்துக்கு அனுப்பும். பிறகு கணினியைச் சாதாரணமாகத் திறக்கும். செத்தவனிடம் ஒரு உதவியும் கேட்பதில்லை. அழகு அதில்தான்.

ஆனால் எங்கள் சர்வர் விழவில்லையே, உறைந்தல்லவா போனது? இங்கேதான் மேலாளரோடு வாக்குவாதம் வந்தது. ஒரு நிரல் வட்டுக்காகவோ பூட்டுக்காகவோ அசையாமல் 120 நொடிக்கு மேல் காத்திருந்தால் லினக்ஸ் கெர்னல் அதைக் கவனித்து ஓர் எச்சரிக்கை எழுதும். ஓர் அமைப்பை மாற்றினால் எச்சரிப்பதோடு நிற்காமல் தன்னையே விழவைத்துக்கொள்ளும். விழுந்தால் கேடம்ப் எழும். ஆகவே உறைவதைக் கிரேஷாக மாற்ற வேண்டும்.

"நீங்களே வேணும்னு கிரேஷ் பண்ணப் போறீங்களா?" என்றார்.

"ஆமா சார். எப்படியும் நிக்கப் போற மெஷின்தான். பேசாம நிக்கறதுக்குப் பதிலா பேசிட்டு விழட்டும்."

அவர் சம்மதித்ததற்கு என் வாதம் காரணமல்ல. இப்போது இருபது நிமிடம் நிற்கிற சர்வர் இனி ஐந்தாறு நிமிடத்தில் தானாகத் திறந்துகொள்ளும் என்று சொன்னேன். அது பிடித்துவிட்டது. 256 மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கினேன். வட்டின் மேலேயே சந்தேகம் இருந்ததால் பிரதியை வட்டில் எழுதவிடாமல் வலை வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பும்படி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் நானே ஒருமுறை விழவைத்துச் சோதித்துப் பார்த்தேன். பிறகு காத்திருந்தேன். என் கையெழுத்துக்காக அவர்களும் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் என் முதலாளி கூப்பிட்டு, "இன்னும் எத்தன நாள்லா? சைன் வெச்சிட்டு வாயேன்" என்றார். ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எட்டுப்பேர் சம்பளம் அவர் தலையில்.

பத்தொன்பதாம் இரவு நின்றது. அன்று அக்கா வேலையில் இல்லை. உடம்புக்கு முடியாமல் எம்சி எடுத்திருந்தார். அந்த நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை பிரதியை கிரேஷ் என்ற கருவியில் திறந்தேன். கருவியின் பெயரும் அதுதான். எழுதப்பட்ட கெர்னலின் பெயர்ப் பட்டியல் கூடவே இருந்தால்தான் அது பயன்படும். இல்லாவிட்டால் வெறும் எண்கள், வீட்டு எண் மட்டும் இருந்து தெருப்பெயர் இல்லாத கடிதம் போல. முதலில் கேட்டது கெர்னலின் சொந்தக் குறிப்பை. நினைவகத்தில் இருந்தது. வட்டுக்கு வராத வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. சேமிப்பு அட்டை ஒரு கட்டளைக்குப் பதில் தரவில்லை. மீட்டமைக்க முயற்சி. பின்னர் 120 நொடிக்கு மேலாக அசையாத நிரல் ஒன்று என்ற வரி. வட்டிலிருந்த லாக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே வழக்கம்போல 2:47க்குப் பிறகு வெறுமை.

பிறகு அசையாமல் காத்திருப்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். பதினான்கு நிரல்கள். அவற்றில் பன்னிரண்டு பேர் சும்மா வரிசையில் நின்றவர்கள். லாக் எழுதும் நிரல் அவர்களில் ஒருவர். திரையின் மேல்பட்டையில் நேரம் காட்டும் நிரல் இன்னொருவர். எதையோ வட்டிலிருந்து படிக்கப் போய் அங்கேயே நின்றிருக்கிறது. திரையை வரைந்து மவுஸைக் கவனிக்கும் நிரல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அது வழக்கம்போல அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தது. கடிகாரம் நிற்கும், அம்பு ஓடும். கேண்டீனில் அக்கா சொன்னதைக் கெர்னல் அதே வரிசையில் சொல்லியது.

மீதி இரண்டு பேர்தான் வழக்கு. சேமிப்பு அட்டையின் டிரைவரில் இரண்டு பூட்டுகள். வழக்கமாக எழுதும் பாதையில் வருபவர் முதல் பூட்டை எடுத்துவிட்டு இரண்டாவதைக் கேட்கிறார். அட்டை பதில் தராதபோது அதை மீட்டமைக்க வருபவர் இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதைக் கேட்கிறார். இருவரும் ஒரே கணத்தில் வந்தால் ஒருவர் கையில் உள்ளதை மற்றவர் கேட்டு நிற்பார், யாரும் விடமாட்டார்கள். பூட்டைப் பிடித்திருப்பவர் யார் என்ற விவரம் பூட்டிலேயே எழுதியிருக்கும். முதல் பூட்டைப் பார்த்தேன், முதல் ஆள். இரண்டாவதைப் பார்த்தேன், இரண்டாவது ஆள். இருவரும் மற்றவர் பூட்டின் வரிசையில். தினமும் 2:45க்கு அந்தச் சர்வரில் காப்புப் பிரதி எடுக்கும் வேலை தொடங்கும். வட்டில் சுமை ஏறும் நேரம் அது. மூன்று பழைய இரவுகளின் கடைசி வரியும் 2:45க்குப் பின் சில நிமிடங்களுக்குள்தான் இருந்தன.

நேர்மையாகச் சொன்னால் இந்தப் பிரதி நிரூபிப்பது பத்தொன்பதாம் இரவை மட்டும்தான். அக்காவின் இரண்டு இரவுகளின் நினைவகம் பட்டனை அமுக்கிய கணத்தில் போய்விட்டது. எந்தக் கருவியும் அதைத் திரும்பத் தராது. ஆனால் அதே நேரம், அதே வெறுமை, அவர் இல்லாத இரவில் அதே நோய், அவர் முன்கூட்டியே சொன்ன அதே அறிகுறி. நான்கையும் சேர்த்து அறிக்கையில் எழுதினேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கெர்னலின் குறிப்பை அப்படியே ஒட்டினேன். லாக்கில் செய்தி இல்லாதது இயந்திரத்தில் கோளாறு இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்ற ஒரு வாக்கியத்தைத் தனி வரியாகப் போட்டேன். அதை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை.

டிரைவரைக் கொடுத்தவர்கள் புதிய பதிப்பு அனுப்பினார்கள். அதில் இரு பாதைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுத்தன. அதன்பின் அந்தச் சர்வர் அப்படி நிற்கவில்லை. திரை உறைந்தால் பட்டனைத் தொடாமல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இரவு ஷிப்டுக்கு ஒரு மெமோ ஒட்டினார்கள். எங்கள் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

ஷோ காஸ் கடிதம்? உள்விசாரணை நடக்கவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் போகிற போக்கில், 'அது முடிஞ்சிருச்சு, கவலப்படாதீங்க' என்றாராம். அவ்வளவுதான். கடிதம் கொடுத்தார்கள், அதைத் திரும்பப் பெற்றதாக ஒரு கடிதமும் இல்லை. மனிதவளப் பிரிவுக் கோப்பில் குற்றச்சாட்டு அச்சில் இருக்கிறது. விடுதலை வாய்ப்பேச்சில் இருக்கிறது. நான் இரண்டு முறை கேட்டேன். அது என் வேலை இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அக்காவிடம் அறிக்கையின் ஒரு நகலைக் காட்டி விளக்கினேன். இரண்டு பேர், இரண்டு பூட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "எங்க மாமியாரும் எங்க வீட்டுக்காரரும் மாதிரி" என்றார். பிறகு அந்த நான்கு பக்கத்தையும் புரட்டினார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார். பெயர் எங்கும் இல்லை. 'ஆபரேட்டர்' என்றுதான் இருந்தது.

"இத தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடு தம்பி. நா மெஷின அடைக்கலன்னு. எம்பேரு போட்டு. தேதி போட்டு."

"கம்பெனில அது செல்லாதேக்கா."

"கம்பெனிக்கு யாரு கேட்டா? பெரிய மவளுக்குத் தெரியணும். லெட்டர் வந்தப்ப அவதான் படிச்சா."

அன்று இரவே எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. கெர்னல், டிரைவர், டீபக்கர் ஒன்றும் இல்லாமல் எழுத வேண்டியிருந்தது. 'இன்ன தேதி அதிகாலை 2:47க்குக் கணினி தானாகவே நின்றது' என்று தொடங்கி, மேலே அவர் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு போட்டு, கீழே என் கையெழுத்தை வைத்தேன். மறுநாள் பஸ் வருவதற்கு முன் சந்தியில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒருமுறை படித்தார். மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப்போனார்.